பின்சக்கரத்தில் தீய்ந்த வாசனை

பஸ் பணிமனைக்குள் வந்து நின்றதும் அவள் டிரைவரைப் பார்ப்பதில்லை. குனிந்து, ஒவ்வொரு சக்கரமாக மோந்துகொண்டே போகிறாள். அவள் பிரேக் ஃபிட்டர். பணிமனை முழுக்க அவளுக்கு ‘மோப்பக்கா’ என்றுதான் பெயர். யாராவது “நல்லாத்தான் இருக்குக்கா” என்றால், “அதை நான் சொல்லணும்” என்பாள். கடையில் தக்காளியைக் காம்புவரை திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடமாட்டாள். கணவர் தாமதமாக வீட்டுக்கு வந்தால் வண்டியின் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பாள் என்று ஒரு பேச்சு உண்டு. அவள் மறுத்ததில்லை.

போன வாரம் மலைப்பாதை பஸ்ஸின் பின்சக்கரம் ஒன்றில் தீய்ந்த வாசனை. ஓட்டி வந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

“இறக்கத்துல உதறுச்சுக்கா. ஒரு வளைவுல பிடிக்கவே இல்ல. உசுரே போயிடுச்சு.”

“கியரைக் குறைச்சு இறக்காம பிரேக்லயே காலை வச்சிருந்தியா?”

“சத்தியமா இல்லக்கா!”

“சத்தியம் கேட்டேனா?”

சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றினாள். உட்புறத்தில் நீலம் பாரித்த திட்டுகள். அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டையின் லைனிங் சொரசொரப்பெல்லாம் போய்க் கண்ணாடியாக மின்னியது. சூட்டில் வழவழத்த இடம் வழுக்கும், புடைத்த இடம் கவ்வும். இரண்டும் மாறி மாறி வந்தால் வண்டி உதறாமல் என்ன செய்யும்? ஆனால் இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? அதுதான் அவளை அரித்தது. தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். பொய் சொன்னால் காதைத் தடவுவான். இப்போது தடவவில்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகவே பட்டது.

மற்றச் சக்கரங்களையும் கழற்றினாள். எல்லாம் சுத்தம். இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்திருந்தால் அவையும் தீய்ந்திருக்க வேண்டுமே.

“ஏறி உக்காரு. மெதுவா மிதி… ம், விடு.”

தீய்ந்த சக்கரத்தின் கட்டை விரிந்தது. திரும்பி வர மனமில்லாததுபோல் அப்படியே நின்றது. அதை இழுக்க வேண்டிய ஸ்பிரிங் தொய்ந்து கிடந்தது. அவன் காலை எடுத்த பிறகும் கட்டை உரசிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

“இப்பவாவது நம்புறியாக்கா?”

ஸ்பிரிங், லைனிங், டிரம் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு, “எடு, ஓட்டிப் பாக்கலாம்” என்றாள்.

சோதனை ஓட்டத்தில் ஓட்டுபவரின் தோளருகே நின்று, அவர் காலையே கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று இறக்கம் தொடங்குமுன் அங்கிருந்து நகர்ந்து கடைசி சீட்டுக்குப் போனாள். தம்பி கண்ணாடியில் பார்த்தான். ஜன்னலில் தலையைச் சாய்த்து அவள் கண்ணை மூடியிருந்தாள்.