எந்தப் பக்கத்துப் பனி

சன்ஸ்கார் மலைப் பள்ளத்தாக்கில் குளிர் தொடங்குமுன் மண்ணை வீட்டுக்குள் காயவைத்துச் சேர்ப்பது எல்லோரும் செய்வதுதான். வசந்தத்தில் வயல் பனிமேல் தூவினால் வெயில் பிடித்துச் சீக்கிரம் உருகும். சுஸ்கித் இந்த வருடம் அந்த மண்ணைக் கணவாய்க்குச் சுமந்தாள்.

பனி சரியாக விழவில்லை. வயல்கள் தாமாகவே காய்ந்துவிட்டன. பனியாறு உருகி ஓடை பெருக ஜூன் ஆகும். முளைத்த பார்லி அதுவரை தாங்காது. கணவன் எட்டு வருடமாகச் சாலை வேலையில். வயல் அவள் பொறுப்பு.

கணவாயில் மட்டும் ஆளுயரத்துக்குப் பனி இருந்தது. கோடையிலும் அது முழுதாக உருகியதில்லை. அதன் உச்சியில், எல்லையாக வருடாவருடம் நடும் பிரார்த்தனைக் கொடி. கொடிக்கு இந்தப் பக்கம் அவள் ஊர், அந்தப் பக்கம் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். உருகினால் ஊர் ஓடைக்குத்தான் வரும் என்று, இந்தப் பக்கச் சரிவில் பன்னிரண்டு நாளில் முப்பது கூடை மண் கொட்டினாள்.

பனி கறுத்தது, இளைத்தது. ஓடை ஒரு விரல்கூட ஏறவில்லை.

தண்ணீர் முறை பார்க்க ஊர் நியமித்திருந்த நோர்பெல், வெயில் குடித்திருக்கும் என்றான். அவள் சரிவில் படுத்துக் காதை வைத்தாள். அடியில் தண்ணீர் ஓடும் சத்தம். எந்தப் பக்கம் என்றுதான் பிடிபடவில்லை.

மண் கொட்டி முடித்த ஐந்தாம் நாள் தங்கை வெண்ணெயோடு வந்தாள்.

"எங்க வாய்க்கால்ல முன்னாடியே தண்ணி வந்துருச்சுக்கா. செவப்பா வருது, உங்க வீட்டு மண்ணு மாதிரி."

மறுநாள் சுஸ்கித் மேலே போனபோது பனி வடிந்த இடத்தில் பாறையின் முதுகு தெரிந்தது. கொடியிலிருந்து நாற்பது அடி, இவள் ஊர்ப் பக்கமாகத் தள்ளி. காற்று குவித்த பனி இந்தப் பக்கம் சரிந்திருக்க, அடியில் பாறை அந்தப் பக்கம் சரிந்திருந்தது; உருகியதெல்லாம் தங்கை ஊருக்குத்தான் இறங்கியிருக்கிறது. இத்தனை வருடமும் கொடியைப் பார்த்துத்தான் ஆடுகளைத் திருப்பியிருக்கிறாள். அப்படியென்றால் அந்த மேய்ச்சல் யாருடையது?

பாறைக்கு இந்தப் பக்கம் ஒடுக்கமான பனித்துண்டு ஒன்று மிச்சமிருந்தது. வீட்டில் இருந்த கடைசி நான்கு கூடையையும் அதில் கொட்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஓடை கொஞ்சம் ஏறியது. அன்று முறை நோர்பெலுடையது. அவன் தன் மடையைப் புல்கட்டியால் அடைத்து, அவள் மடையைத் திறந்தான்.

"பக்கத்து ஊருக்கே பாய்ச்சினவங்க நீங்க. சொந்த வயலுக்குக் கொஞ்சம் விட்டா குத்தமில்லக்கா."

"இது நான் உருக்கின பனிதானா?"

"நாலு நாளா நல்ல வெயில். பனியாறாவும் இருக்கலாம்."

பனியாற்றுத் தண்ணீர் சாம்பல் நிறம். அவள் மண் சிவப்பு. கையில் அள்ளிப் பார்த்தாள். இரண்டும் இல்லாத ஒரு நிறம். பார்லி வரிசைகளுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மறுபடி அள்ளினாள்.