உபயக் கட்டிலும் அவித்த முட்டையும்

என் தலைமாட்டுச் சுவரில் செத்துப்போன ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பித்தளைத் தகட்டில் வெட்டி ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அவளுடைய ஞாபகமாக அவள் புருசன் அந்தக் கட்டிலைத் தருமத்துக்கு விட்டிருந்தார். அதில் படுக்கிற ஏழைக்கு மருந்தும் சாப்பாடும் இலவசம். இருபது வயதில் சயரோகக்காரியாகிப்போன எனக்கு, வடக்குக் கடற்கரையோரம் இருந்த அந்த மிஷன் ஆசுப்பத்திரியில் அப்படித்தான் இடம் கிடைத்தது.

கோப்பாயிலிருந்து அண்ணை வண்டி பிடித்துக் கொண்டுவந்து விட்டார். வழி நெடுக என் பக்கம் திரும்பாமல் மாட்டோடேயே கதைத்துக்கொண்டு வந்தார். நான் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் கைக்குழந்தை இருந்தது. "சுகமானவுடனை வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்றார். ஆசுப்பத்திரிப் படலைக் கதவுக்கு வெளியே நின்றுதான் சொன்னார். இந்தக் கட்டில் இல்லையென்றால் எனக்கு எங்கள் தோட்டத்துக் கொட்டில்தான். இதே சயரோக வருத்தம் வந்த சித்தப்பாவை அங்கேதான் விட்டிருந்தார்கள். அவர் அதைவிட்டு உயிரோடு வெளியே வரவில்லை.

கட்டில்கள் விறாந்தையில் கடலைப் பார்த்தபடி கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களுக்கு ஆட்கள் வருவார்கள். வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு தூர நின்றாவது கதைப்பார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கடலைப் பார்ப்பது ஒரு வாரத்துக்கு நல்லாயிருக்கும். அதற்குப் பிறகு அது வெறும் தண்ணீர்தான். என்னைத் தேடி வந்தவை காகங்கள் மட்டுமே. அவை வந்ததற்குக் காரணம் இருந்தது.

சேர்ந்த புதிதில் ஆயா ஒருத்தி படுக்கை விரித்தபடி சொன்னாள்: "உந்தக் கட்டில் தந்தவர் சுத்த சைவம், பிள்ளை. அந்த வீட்டிலை மச்சம், முட்டை எண்ட பேச்சே இல்லையாம்." அவள் ஊர்க்கதையாகத்தான் சொன்னாள். நான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரு திருவிழா ஒரு வீட்டு உபயம் என்றால், அந்த நாளுக்கு அந்த வீட்டு முறைதான் நடக்கும். உபயகாரருடைய கட்டிலில் கிடந்துகொண்டு மச்சம் தின்றால், தகட்டிலிருப்பவள் பொறுப்பாளா? உபயகாரர் அறிந்தால் கட்டிலை விட்டு இறக்கமாட்டாரா? வெள்ளி தவிர்த்து மற்ற நாளெல்லாம் மீன் தின்று வளர்ந்த நான், அந்தக் கட்டிலில் ஏறி விரதகாரியானேன்.

டொக்டர் அம்மா எனக்குக் காலையும் மாலையும் அவித்த முட்டை எழுதியிருந்தா. தட்டு வந்ததும் ஆயா அந்தப் பக்கம் திரும்பும்வரை பார்த்திருந்து, முட்டையை விறாந்தை அரைச்சுவருக்கு மேலாக எறிந்துவிடுவேன். மீனெண்ணெயை மட்டும் குடித்தேன். மருந்துக்குத் தோசமில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். தாதி முன்னால் நின்று ஊற்றினால் வேறு என்ன தீர்ப்புச் சொல்ல முடியும்? காகங்கள் கொழுத்தன. எனக்கு எலும்பு தெரிந்தது. மாரி தொடங்குவதற்குள் உடம்பு தேறாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டொக்டர் அம்மா தாதியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பயந்தேன். ஆனால் செத்தாலும் கட்டிலில் சாகலாம், கொட்டிலில் அல்ல என்றும் நினைத்தேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அந்தப் பெண்ணின் திவசத்தன்று உபயகாரர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, கையில் வாழையிலைப் பொதி. வயதான மனிதர், தனியாகத்தான் வந்தார். தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொதியிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து அரைச்சுவரில் வைத்தார். கையை எடுக்க முதல் காகங்கள் வந்துவிட்டன.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்டிலை எவ்வளவு கூப்பிட்டும் ஒரு காகம் வாறேல்லை, பிள்ளை. இஞ்சை அவ வந்திட்டா, பாத்தீரோ" என்றார். அவை யாரைத் தேடி வந்தன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஆயா முட்டைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். காகங்கள் சோற்றை விட்டுவிட்டு, என் கட்டில் சட்டத்தில் வந்திருந்து கத்தத் தொடங்கின. அவர் காகங்களைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், கடைசியாக என் கையெலும்பைப் பார்த்தார்.

"நீர் உதைச் சாப்பிடுறேல்லையோ?"

"ஐயான்ரை கட்டிலிலை மச்சம் கூடாது எண்டு…"

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். யாரும் அப்படி என் பக்கத்தில் உட்கார்ந்து பல மாதமாகியிருந்தது.

"அவவுக்கும் உந்த வருத்தந்தான்" என்றார். "முட்டை குடுக்கச் சொன்னவை. எங்கடை வீட்டிலை உது ஏறாது எண்டு சொல்லிப்போட்டன். கடைசியிலை அவவே ஒருநாள் வாய் விட்டுக் கேட்டவ. நான் கேளாத மாதிரி இருந்திட்டன்."

பிறகு காகங்களைச் சால்வையால் விரட்டிவிட்டு முட்டையைக் கையில் எடுத்தார். வாழ்நாளில் தொட்டிராத கை, கோதோடு வெள்ளையும் சேர்ந்து பிய்ந்தது. உரித்து என்னிடம் நீட்டினார். நான் தின்று முடிக்கும்வரை இருந்தார். அழுதுகொண்டே தின்றேன். உப்புத் தேவைப்படவில்லை. அவர் கையைக் கழுவப் போகவில்லை, சால்வையில் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு முட்டையையும் நான் வீணாக்கவில்லை. மாரி வந்து போயிற்று, எனக்குக் கன்னத்தில் சதை வைத்தது. காகங்கள் கொஞ்ச நாள் வந்து ஏமாந்து பார்த்துவிட்டு வேறு இடம் போய்விட்டன. வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் அம்மா சொன்னா. அண்ணைக்கு ஆளனுப்பிச் சொல்லியாயிற்று.

அடுத்த திவசத்துக்கும் அவர் பொதியோடு வந்தார். அரைச்சுவரில் சோற்றை வைத்துவிட்டுக் கூப்பிட்டார். கடற்காற்றுத்தான் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தட்டிலிருந்த முட்டையை எடுத்து, "இதையும் வைச்சுப் பாருங்கோ ஐயா, வரும்" என்றேன்.

"வேண்டாம், பிள்ளை. அதை நீர் சாப்பிடும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உம்மடை அண்ணை எப்ப வாறாராம்?" என்று கேட்டார்.

"வருவார்" என்றேன்.

வெயில் ஏறும்வரை அவர் அரைச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கேயும் ஒன்றும் வரவில்லை, அங்கேயும் ஒருவரும் வரவில்லை.