மகளுக்கு எந்த மட்டை

அன்று மதுரையில் அந்த விளையாட்டுச் சாமான் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், ஆறாவது படித்துக்கொண்டிருந்த என் மகள், என் மதினி, அதாவது வீட்டுக்காரருடைய அக்கா, பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர், கடைக்காரர். வீட்டுக்காரர் வரவில்லை. மாசி மாதம், அருப்புக்கோட்டைக் கடையில் பருத்திக்கொட்டை வியாபாரம் மும்முரமாக இருந்தது. நாற்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தபோது கூடவே ஒன்று சொல்லி அனுப்பினார்: "பெரிய மனுஷி ஆகுற வரைக்கும் ஆடட்டும். அதுக்கப்புறம் வேண்டாம்."

எழுபதுகளின் தொடக்கம். மில் குவார்ட்டர்ஸில் இருந்த சிமெண்டுத் தரையில் டீச்சர் நாலைந்து பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். என் மகள் டீச்சரின் பழைய மட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆடிவிட்டு வந்து, தோளைத் தடவிக்கொண்டு உட்காருவாள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். எலும்பு பிசகியிருக்குமோ, கை கோணிப்போகுமோ என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அளவான மட்டையாக வாங்கிக் கொடுங்கள் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பிள்ளைகளுக்கானது, மற்றது பெரியவர்களுக்கானது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு அங்குலம்தான் வித்தியாசம். மதினி உடனே பெரியதைத் தூக்கினார். "வளர்ற பிள்ளைக்கு யாராச்சும் அளவா எடுப்பாகளா?" என்றார். பாவாடைக்கு டக்குப் பிடித்துத் தைத்து, வருஷா வருஷம் பிரித்துவிடுகிற வீடு எங்களுடையது. நானும் அந்தக் கணக்கில்தான் வந்திருந்தேன். மட்டையில் பிரித்துவிட ஒன்றும் இல்லை என்பது அங்கே போய்த்தான் உறைத்தது.

டீச்சர் மகளை நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு மட்டையைப் பிடிக்கச் சொன்னார். சின்னதின் நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. பெரியதற்கு முழங்கையை மடக்க வேண்டியிருந்தது. கையை முன்னால் நீட்டச் சொன்னபோது பெரியதின் தலை தொய்ந்து விழுந்தது. இப்போதைக்குச் சின்னது, அடுத்த வருஷம் பெரியதற்கு மாறிக்கொள்ளலாம் என்று டீச்சர் முடிவாகச் சொன்னார்.

விலை கேட்டோம். சின்னது இருபத்தெட்டு, பெரியது நாற்பத்தாறு. மதினி பெரியதைப் பலகையில் வைத்துவிட்டார். "டீச்சர் சொல்றது சரிதான். இன்னும் ஒரு வருசம் ஆடுவாளா? அதுக்குச் சின்னது போதும்."

இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் எனக்குத் தலை சுற்றியது. டீச்சருடைய சின்ன மட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய மட்டை இருந்தது. மதினியுடைய சின்ன மட்டையோடு எல்லாம் முடிந்தது. நான் ஏழாவதோடு நின்றவள். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டில் உட்காரவைத்தார்கள், பிறகு என் புத்தகங்கள் யாரிடம் போயின என்றுகூட எனக்குத் தெரியாது. சின்னதை வாங்கினால் வீட்டுக்காரர் பேச்சுக்குச் சரி என்று நானே கைநாட்டு வைத்த மாதிரி ஆகும். பெரியதை வாங்கினால் பிள்ளையின் தோள் போய்விடும், காசும் ஆறு ரூபாய் குறைகிறது. இவள் வளராமலே இருக்கட்டும் சாமி என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது என்று அடுத்த நிமிஷமே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மகள் பெரியதை எடுத்து இரண்டு தரம் வீசினாள். "கனக்கலம்மா. இதையே எடுப்போம்," என்றாள். மணிக்கட்டு நடுங்கியதை நான் பார்த்தேன். பொய் சொல்லாதே என்று மட்டையைப் பிடுங்கப் போனபோது காதருகில் வந்து கேட்டாள்:

"சின்னத வாங்குனா அடுத்த வருசம் நிப்பாட்டிருவீகள்ல?"

அந்தப் பேச்சை அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒற்றைச் செங்கல் சுவர் வீட்டில் யாரும் சொல்லவும் தேவையில்லை.

எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை. சின்னதைக் கட்டச் சொல்லிவிட்டு, "பெரியத எங்களுக்குன்னு எடுத்து வச்சிருங்க, முன்பணம் தாரேன்," என்றேன். ஒரு வருஷமெல்லாம் வைத்திருக்க முடியாது என்றார் கடைக்காரர். டீச்சர் தன் பொறுப்பு என்று சொல்லவும் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். சின்னதற்கு இருபத்தெட்டு போக, பத்து ரூபாயை நீட்டினேன்.

"தம்பி கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார் மதினி.

"நாந்தான் குடுத்தேன்னு சொல்லுங்க மதினி."

"அத நான் வேற சொல்லணுமாக்கும். ரசீதே சொல்லுமே."

திரும்பும்போது பஸ்ஸில் மதினி முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் உறையோடு மட்டையை மடியில் வைத்துத் தூங்கிவிட்டாள். செய்தது சரியா தப்பா, வீட்டுக்காரரிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது, அந்த மிச்சப் பணத்துக்கு எங்கே போவது என்று ஒன்றும் பிடிபடாமல் ரசீதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். பெரிய மட்டை ஒன்று, வரவு பத்து, பாக்கி முப்பத்தாறு ரூபாய்.