தடையாணைக்குப் பின் செய்த வால்வு

அந்தத் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். குக்கர் மூடியில் திருகும் பாதுகாப்பு வால்வு செய்வார். விசில் அடைத்துக்கொண்டால், வால்வின் நடுவிலுள்ள உலோகக் கலவை சூட்டில் உருகி ஆவியை வெளியே விட வேண்டும். அந்தக் கலவைக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெறும் ஈயத்தை ஊற்றினார். ஈயம் அவ்வளவு சீக்கிரம் உருகாது என்பது அவருக்குத் தெரியும். ‘எந்த வீட்டுல விசில் அடைக்குது?’ என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

தர ஆய்வாளர் வந்து மாதிரி எடுத்துப் போனார்; சோதனையில் அது தேறவில்லை. தர முத்திரை வாங்கும்வரை வால்வு செய்யவோ விற்கவோ கூடாது என்று நீதிமன்றம் தடையாணை போட்டது. இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். லேத் சத்தம் நின்ற வீட்டில் மனைவியின் இருமல்கூடப் பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் பாத்திரக்கடை வைத்திருந்த மச்சினன் வந்தான்.

"மாமா, கடைசியா ஒரு முந்நூறு பண்ணிக் குடுங்க."

"கோர்ட்டு உத்தரவுடா."

"உத்தரவு கோர்ட்டுல இருக்கு. மெஷின் உங்ககிட்டதானே இருக்கு?"

சிரித்துவிட்டார். சிரித்த கையோடு கதவைச் சாத்திக்கொண்டு, பழையபடி ஈயத்தை ஊற்றி வேலையை ஆரம்பித்தார்.

அதிலிருந்து மூன்றாம் மாதம், பள்ளி விடுதியில் விசில் அடைத்து, வால்வு உருகாமல், சமையல் செய்த அம்மாளின் முகத்தில் குக்கர் மூடி பறந்து அடித்தது. ஒரு கண் போயிற்று.

"வால்வுல உங்க பேரா எழுதியிருக்கு? என்னோடது இல்லைன்னு சொல்லிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்," என்றார் வழக்கில் அவருக்காக வாதாடிய வக்கீல்.

கூண்டில் அந்த வால்வைக் கையில் கொடுத்தார்கள். திருகு மரையின் ஓரத்தில் மெல்லிய இரட்டைக் கோடு. அவருடைய லேத்தில் இருந்த முனை உடைந்த உளி விழுத்தும் கோடு. எதிரே, கண்ணில் பஞ்சு ஒட்டியபடி அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"என்னோடதுதாங்க."

"தடையாணைக்கு முன்னாடி செஞ்சதா?" என்று கேட்டார் நீதிபதி.

"பின்னாடி. இந்த உளிய அப்புறம்தான் மாட்டினேன்."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மச்சினன் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சாதித்தான். அவருக்கு ஒன்றரை வருடம் சிறை. வால்வு செய்ய ஆயுள் முழுக்கத் தடை.

திரும்பி வந்தபோது லேத் அரசு முத்திரையோடு துருவேறி நின்றது. மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒருநாள் கண்ணை இழந்த அம்மாளின் வீட்டுக் கதவைத் தட்டினார். மகள் திறந்தாள்.

"யாருங்க?"

"வால்வு செஞ்சவன். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "போகச் சொல்லு. நான் மன்னிச்சா அந்தாளு நிம்மதியாத் தூங்குவான். அத எதுக்கு நான் குடுக்கணும்?"

கதவு சாத்தப்பட்டது. அவர் வெயிலில் வெகுநேரம் நின்றார். எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை.