கைப்பிடியில் நல்லெண்ணெய்

இன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு தச்சுக்கடையைத் தாண்டும்போது ஆளிவிதை எண்ணெய் வாசனை அடித்தது; கால் அங்கேயே நின்றுவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்த சித்தப்பா, வேலை விட்டு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து தன் ஹாக்கி மட்டைக்கு அந்த எண்ணெயைத்தான் துணியால் தேய்ப்பார், இன்ஜின் புகையும் அந்த வாசனையும் கலந்துதான் எங்களுக்குச் சாயங்காலம் வரும். துணி சுற்றிய கைப்பிடியில் மட்டும் ஒரு சொட்டுகூடப் படவிடமாட்டார், பிடி வழுக்கும் என்று.

மலாயா அணிக்காக வெளிநாட்டுக்காரர்களோடு அவர் முதன்முதலாக ஆடப்போன அன்று எண்ணெய் டின் காலி. ஏழு வயதுப் பெண் நான், அவர் கிளம்பும் நேரத்தில் சாமி விளக்கு நல்லெண்ணெயை எடுத்து, ஆசையாய் மட்டை முழுக்க, கைப்பிடிக்கும் சேர்த்தே தேய்த்து வைத்தேன்.

ஆட்டத்தில் கோலுக்கு நேர் எதிரே, வெயிலில் எண்ணெய் கசிந்த மட்டை அவர் கையிலிருந்து நழுவிப் பறந்தது. அவர் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். பிறகு கூட்டத்தில் அம்மாவோடு நின்ற என்னைத் தேடினார்.

“கை வேர்த்துப்போச்சு அண்ணி,” என்றார் அம்மாவிடம். அதற்கப்புறம் அணியில் அவர் பெயர் வராதபோதெல்லாம் அதையேதான் சொன்னார்.

என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன்.