பூங்கோதையின் கூரை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 1978-ல் டில்லி கரோல் பாகில் சோப்ரா என்பவர் வீட்டில் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தேன். சுவரெல்லாம் ஊறிப்போய்விட்டது, மூன்று மாதம் வேறெங்காவது இருங்கள், ரிப்பேர் முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன் என்று குழைந்தார். நம்பி ஜனக்புரிக்கு மூட்டை கட்டினேன். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், என் கூடத்தில் ஒரு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் அதே பாட்டை மாடியில் இருந்த பூங்கோதையிடம் பாடினார். பூங்கோதை என் ஆபீஸில் குமாஸ்தா. கோவில்பட்டிக்காரி. கணவர் இறந்தபின் அவருடைய வேலை இவளுக்குக் கிடைத்தது. மகள் பொன்னியோடு மொட்டைமாடியில் ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சர்க்கார் குவார்ட்டர்ஸ் பட்டியலில் அவள் பெயர் எங்கோ அடியில் கிடந்தது. இந்த அறையை விட்டால் அவள் சம்பளத்துக்கு டில்லியில் வேறு இடம் கிடையாது.

ரிப்பேர் முடிந்ததும் எனக்கே தருவேன் என்று எழுதிக் கொடுங்கள், இன்றைக்கே காலி செய்கிறேன் என்றாளாம். வாய்வார்த்தை போதாதா என்று சோப்ரா சிரித்தாராம்.

"வாய்வார்த்தைய எந்த ஃபைல்ல சார் வைக்க?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், அவள் ஆபீஸிலும் பொன்னி பள்ளிக்கூடத்திலும் இருந்த நேரம் பார்த்து, சோப்ரா ஆள் விட்டுக் கூரையைக் கழற்றிவிட்டார். சாயங்காலம் நானும் கூடப் போனேன். நாலு சுவர், நடுவில் கட்டில், மேலே வானம்.

"ஜனக்புரிக்கு வந்துடும்மா. எங்காத்துல இருக்கலாம்" என்றேன்.

"மே மாசம் டில்லியில எவன் சார் கூரைக்கு அடியில படுக்கான்?" என்றாள். அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லோரும் கயிற்றுக்கட்டிலை விரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் தன் கட்டிலில் கிடந்த மண்ணைத் தட்டிவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

புழுதிக்காற்று அடித்தால் சோற்றில் மண் விழும். மழை வந்ததும் தார்ப்பாய் கட்டினாள். வருஷம் தவறாமல் லீவில் ஊருக்குப் போகிறவள், அந்தக் கோடையில் ரயில் டிக்கெட்டை ரத்து செய்தாள். பூட்டிவிட்டுப் போனால் திரும்பும்போது சுவரும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்ட்டில் தீஸ் ஹஸாரி கோர்ட்டுக்கு வரச்சொல்லி சம்மன் வந்தது. அறை மனிதர் வசிக்க லாயக்கில்லை, ரிப்பேருக்காகக் காலி செய்ய உத்தரவிட வேண்டும் என்று மனு. கூரையைக் கழற்றிய மனுஷனே கூரையில்லை என்று கோர்ட்டுக்குப் போகிறார். என்ன நெஞ்சழுத்தம்!

வாடகை வழக்கு பார்க்கும் அதிகாரி எல்லாம் கேட்டுவிட்டு, ரிப்பேர் முடிந்தபின் திரும்பி வர விரும்புகிறீர்களா என்று பூங்கோதையிடம் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை உத்தரவில் எழுதியே ஆகவேண்டும் என்பது சட்டமாம். எனக்கு அன்றுதான் தெரியும். கோர்ட்டு வரை போயிருந்தால் என்னையும் கேட்டிருப்பார்கள். நான்தான் சமர்த்தாகச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவனாயிற்றே.

பூங்கோதை தன் ஆபீஸ் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள்: "நான் எங்கேயும் போகவில்லை, சாஹிப். கூரைதான் போயிற்று. அது திரும்பி வரட்டும்."

அதிகாரி சோப்ராவைப் பார்த்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

கூரையைப் போட்டு அறையை அவளுக்கே திருப்பித் தரவேண்டும் என்று உத்தரவாயிற்று. கூரை போடுகிற அன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அறைக்குள் ஆள் இருந்தால் வேலை நடக்காது என்றார் மேஸ்திரி. பூங்கோதை ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் சோப்ராவிடம் நீட்டினாள். இந்தத் தடவை எழுதிக் கொடுத்தார்.

அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அறையைவிட்டு வெளியே வந்து கைப்பிடிச்சுவர் ஓரமாக நின்றாள். கடைசி ஷீட்டை முடுக்கி முடிக்கும் வரை மாடிப்படி இறங்கவில்லை.