சிரிப்புக்கு ஒரு போட்டோ

போட்டோவில் சிரிப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. காசு கொடுத்து எடுக்கிற படத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதாவது என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அப்பா அம்மா கல்யாணப் படத்தைப் பார்த்தால், இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். பெரியம்மா மகளின் சடங்குப் படத்தில் தெருவே திரண்டு நின்றும் ஒரு உதடுகூட அசைந்திருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் கைக்குத்தானா அந்தச் சீட்டு வரவேண்டும்!

அப்போது நான் ஆறாம் வகுப்பு. திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூருக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்திருந்த தமிழ் டீச்சருக்கு எதையாவது செய்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் டிபன் பாக்ஸ் நிறையச் சீட்டுகளைச் சுருட்டிப் போட்டு எடுத்து வந்தார். ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு வார்த்தை. பூட்டு, செருப்பு, பசி, மழை என்று எல்லாம் நாம் தினமும் புழங்குகிற வார்த்தைகள்தான். அந்த வார்த்தைக்கு நம் வீட்டில் இருக்கிற போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்பவர்களின் படம் பெரிய சார்ட்டில் ஏறும். அந்த சார்ட்டைப் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வரும் ஆபீசர் பார்ப்பார்.

‘மழை’ வந்தவன்கூட அழவில்லை. ‘சிரிப்பு’ வந்த நான்தான் அழாத குறையாக வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா நடவுக்கு மானாம்பதிப் பக்கம் போயிருந்தாள். வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் அப்பாவுக்கு அன்று லீவு. வீட்டில் இருந்த படங்களையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். சிரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். பிளாஸ்டிக் கவருக்குள் ஒரே ஒரு படம் வந்தது.

அடேயப்பா! அதில் அம்மா சிரிக்கிறாள். லேசான புன்னகையெல்லாம் இல்லை. வாய் முழுக்கத் திறந்து, கண் இடுங்கி, சத்தம்கூட நம் காதில் விழும்போல ஒரு சிரிப்பு. பின்னால் ஸ்டுடியோக்காரன் மாட்டிய அருவித் துணி. மடியில் ஒரு குழந்தை. கவுன் போட்டு, சவுரி வைத்துப் பின்னி, கனகாம்பரம் சுற்றி, கன்னத்தில் இத்தனை பெரிய மைப்பொட்டு. குழந்தை மட்டும் யாரையோ அடிக்கப் போகிறதுபோல முறைத்துக்கொண்டிருந்தது. அந்த முறைப்பைப் பார்த்துத்தான் அம்மா அப்படிச் சிரித்திருக்க வேண்டும்.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்கள் பக்கம் ஆண் பிள்ளை பிறந்தால் ஒருமுறையாவது கவுன் மாட்டிப் பூ முடித்து ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். இன்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற எத்தனையோ பேர் வீட்டில் இப்படி ஒரு படம் ஒளிந்திருக்கும். போதாததற்கு என் மூக்கில் ஒரு துளை உண்டு. வகுப்பில் அதை வைத்து என்னை ஓட்டாதவன் கிடையாது. ஆக, பெண் வேஷம் போட்டபோதுதான் குத்தியிருக்கிறார்கள் என்று எனக்கு அன்று எல்லாமே விளங்கிவிட்டது.

வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் படத்தை நீட்டினேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

“நைனா, இது நான்தானே?”

அப்பா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பீடி அணைந்ததுகூடத் தெரியவில்லை.

“ஆமாண்டா. நீதான்” என்றார். “எதுக்கு எடுத்த?”

“இஸ்கூல்ல டீச்சர் கேட்டாங்க.”

“சரி, எடுத்துக்கினு போ. பத்ரமா கொண்டாந்துடு. உங்கம்மா தேடும்” என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் வகுப்பு களை கட்டியது. பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த பாயின் மகளுக்குப் ‘பூட்டு’. கடைத் திறப்பு விழாப் படத்தை எடுத்து வந்திருந்தாள். எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவளுடைய தாத்தா மட்டும் திரும்பி ஷட்டர் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “பூட்டு வாங்குனது அவருதான் டீச்சர், அதான்” என்றாள். என் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குச் ‘செருப்பு’. மாமன் கல்யாணப் படம், கோயிலில் எடுத்தது. ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை. எங்கேடா செருப்பு என்று டீச்சர் கேட்டார். “எல்லாம் வெளிய கீது டீச்சர். எங்கண்ணன் காவலுக்கு நிக்கிறான். அதான் போட்டோவுல அவன் இல்ல” என்றான். டீச்சர் கைதட்டினார்.

என் முறை வந்தது. படத்தை உயர்த்திப் பிடித்தேன். எங்கள் வீட்டில் யாரும் போட்டோவில் சிரிக்க மாட்டார்கள், எங்கள் அம்மா இந்த ஒரு படத்தில்தான் சிரித்தார்கள், அதற்குக் காரணம் நான், இதோ கவுன் போட்டுக்கொண்டு முறைக்கிறேனே, இது நான்தான், வேண்டுமானால் மூக்கைப் பாருங்கள் என்று மூக்கையும் காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதுவரை என் மூக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். ஆனால் அன்று நான் சிரிக்க வைத்துச் சிரித்தார்கள், அது வேறு. சார்ட்டுக்கு முதல் படமாக என் படத்தை எடுத்து, பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, அழுத்தி ஒட்டினார் டீச்சர்.

சாயங்காலம் அம்மா வந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அடி விழும் என்று ஒரு பக்கம் பயம், தட்டிக்கொடுப்பாள் என்று ஒரு பக்கம் ஆசை. இரண்டும் நடக்கவில்லை. அம்மா பெட்டியைத் திறந்து புடவைக்கு அடியில் கை விட்டுப் பார்த்தாள். சொன்ன பிறகும் பார்த்தாள்.

“ஒட்டிட்டாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று அப்பாவோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

காலையில் அம்மா என்னோடு பஸ் ஏறினாள். நடவு முடியாத நாளில் வேலையை விட்டுவிட்டு அவள் எங்கும் போனதே இல்லை. புடவைமேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்படியே வந்தாள். கழனியில் வேலை செய்கிறவர்கள் போடுகிற சட்டை. பள்ளிக்கூடத்துக்குள் அதோடு வருகிறாளே என்று எனக்கு மானம் போயிற்று.

“டீச்சர், அந்தப் போட்டோ வோணும்” என்றாள், வந்ததும் வராததுமாக.

“ஆபீசர் பார்த்துட்டுப் போனதும் குடுத்துடறேம்மா. நல்லா ஒட்டியாச்சு, இப்ப பிச்சா கிழிஞ்சிடும்.”

“கிய்ஞ்சாலும் பரவால்ல டீச்சர். அது ஒண்ணுதான் கீது.”

“எடுத்த ஸ்டுடியோவுல கேட்டா இன்னொரு காப்பி போட்டுத் தருவாங்களே?”

“ஸ்டுடியோவே இல்ல டீச்சர். அங்க செல்போன் கடை வச்சிக்கினு கீறாங்க. நான் போயி கேட்டுட்டேன்.”

டீச்சர் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“டேய், போயி பாட்டில்ல தண்ணி புடிச்சிக்கினு வா. மெதுவா வா.”

நான் தண்ணீரோடு திரும்பியபோது டீச்சர் கண் சிவந்திருந்தது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் சார்ட்டைக் கழற்றி மேஜைமேல் விரித்தார். நம் அம்மா டீச்சரையே திட்டி அழ வைத்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தக் குழந்தை நானில்லை. எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்திருக்கிறாள். அந்தப் படம் எடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டாள். அடுத்ததாவது தங்கட்டும் என்று, நான் பிறந்ததும் மூக்கைக் குத்தியிருக்கிறார்கள். போன பிள்ளையின் பேச்சை இருக்கிற பிள்ளையின் காதில் போடக்கூடாது, போட்டால் அது இதையும் கூப்பிட்டுக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. அதனால் அவளுடைய பெயரைக்கூட வீட்டில் யாரும் சொன்னதில்லை. என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் சித்தி வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். அம்மா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று டீச்சர் படத்தைக் கத்தரிக்கோலால் அப்படியே வெட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் படங்களை இடமே விடாமல், ஒன்றின் ஓரத்தின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார். செருப்பில்லாத கல்யாணப் படம் எங்கள் படத்தின் மேல் ஓரத்தில் ஏறியிருந்தது. டீச்சர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து ஒற்றி ஒற்றி, நகத்தால் மெல்ல மெல்ல எடுத்தார். அம்மா குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கீழ்ப்பக்கம் நன்றாக வந்தது. மேல்பக்கம் வரும்போது பட்டென்று ஒரு தோல் உரிந்தது. அம்மாவின் முகம் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது.

“ஐயோ, மன்னிச்சிடுங்கம்மா” என்று டீச்சர் பதறிப்போனார். அம்மா அதைக் காதில் வாங்கவே இல்லை. படத்தை முந்தானையால் ஒற்றி ஈரத்தை எடுத்தாள்.

பள்ளிக்கூட கேட் வரைக்கும் அவளோடு நடந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இன்னாம்மா, உன் சிரிப்பே போச்சே!”

“போனா போவுது. புள்ள மூஞ்சி நல்லாக்கீது பாரு” என்றாள். குழந்தையின் கன்னத்து மைப்பொட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அப்படியே உச்சி குளிர்ந்துபோயிற்று. என்மேல் இவ்வளவு உயிரா இவளுக்கு! தன் முகம் போனாலும் பரவாயில்லை, என் முகம் இருந்தால் போதும் என்கிறாளே! அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தோன்றியது.

“இதுக்குப் போயி வேலைய வுட்டுட்டு வந்தியாம்மா? போட்டோ போனா இன்னா? நான்தான் முழுசா இங்கியே கீறேனே!”

அம்மா நின்றாள். என்னைப் பார்த்தாள். என் சட்டைக் காலரைச் சரி செய்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

“ஆமாண்டா கண்ணு” என்றாள். “நீ கீற. நீ கீற.”

நல்ல பதிலாகச் சொல்லிவிட்டோம் என்ற பெருமையில் நான் வகுப்புக்கு ஓடினேன்.